மேப் காட்டும் வழி யார் போட்ட வழி?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மைசூரிலிருந்து இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஊட்டிக்குக் காரில் கிளம்பியிருக்கிறீர்கள். போனில் இருந்த மேப் நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியைக் காட்டியது. செக்போஸ்ட்டில் கேட் மூடியிருந்தது. 9 மணிக்கு மேல் காட்டுக்குள் வண்டி விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பிய பிறகும் மேப் "யூ-டர்ன் எடுங்கள்" என்றே அடம்பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் வயல்களுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ரோட்டில் இறக்கிவிட்டது. 'மேலேயிருந்து சாட்டிலைட் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கேட் மூடியிருப்பது எப்படித் தெரியாமல் போகும்? இந்த வழியை யார், எந்தக் கணக்கில் போடுகிறார்கள்?' என்பது உங்கள் கேள்வி. நீங்கள் வாய்விட்டுக் கேட்காத இன்னொன்றும் அதில் இருக்கிறது: இதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது? கணக்கு எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால் அதற்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் சரக்கு வண்டிகளுக்கு வழி போட்டுத் தரும் மென்பொருளில் பல வருடங்களாக வேலை செய்கிறவன். ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் செயலிக்குள் ஓடுவதை முழுதாக வெளியே சொல்வதில்லை. அதனால் வெளியான ஆய்வுக்கட்டுரைகளிலும், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களிலும் இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். மற்றதை ஊகம் என்று சொல்லியே எழுதுகிறேன்.

முதலில் சாட்டிலைட். அது உங்களைப் பார்க்கவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 'நான் இன்னார், இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் போன் அந்த சிக்னலைப் பிடித்து, அது வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று தூரம் போதும். ஆனால் போனின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானது இல்லை என்பதால், அந்தப் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்காவது ஒன்று வேண்டும். நான்கும் கிடைத்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று போனே கண்டுபிடித்துவிடும். அந்தச் செயற்கைக்கோளுக்கு ரோடு தெரியாது, கேட் தெரியாது, நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது. மேப்பில் பார்க்கும் வான்வழிப் படங்கள் வேறு செயற்கைக்கோள்களும் விமானங்களும் எப்போதோ எடுத்தவை. அவை நேரலை அல்ல.

வெட்டவெளியில் போனின் ஜிபிஎஸ் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் கார்களுக்கு இது உருப்படியாகப் பயன்பட ஆரம்பித்தது. ஆனால் உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், அப்போது பிழை பல மீட்டர்களுக்கு ஏறும். மென்பொருள் இந்தத் தடுமாறும் புள்ளிகளை எடுத்து, 'இவர் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்' என்று நிகழ்தகவு போட்டு ஒரு ரோட்டின் மேல் ஒட்டவைக்கிறது. முந்தைய புள்ளிகள், போகும் திசை, ஒரு ரோட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியுமா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இது சறுக்கும் இடம் மேம்பாலம். கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகிறவருக்கும் கீழே போகிறவருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்றுதான். ஜிபிஎஸ் உயரத்தையும் சொல்லும், ஆனால் உயரத்தில் பிழை இன்னும் அதிகம். அதனால் வேகம், எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திருப்பத்தில் திரும்பினீர்கள் என்பதை வைத்துத்தான் அது யூகிக்க வேண்டியிருக்கிறது. காரோடு வரும் நேவிகேஷன் இந்த ஒரு விஷயத்தில் போனைவிடத் தேவலை. சக்கரம் எவ்வளவு உருண்டது, வண்டி எவ்வளவு திரும்பியது என்ற விவரம் அதற்குக் கிடைப்பதால் சுரங்கப்பாதையிலும் இடம் தவறாது. ஆனால் அதன் மேப் எப்போது அப்டேட் ஆனது என்று பார்த்தால் பெரும்பாலும் வருத்தமாகத்தான் இருக்கும்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. வழி எப்படி வருகிறது? கணினிக்கு மேப் என்பது படம் அல்ல. சந்திப்புகள் எல்லாம் புள்ளிகள். இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலுள்ள ரோடு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்: அதைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்பது. நடுவே மீடியன் உள்ள நாற்கர சாலை ஒன்றல்ல, எதிரெதிர் திசையில் போகும் இரண்டு தனிக் கோடுகள். மீடியனில் இடைவெளி இருந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடியும். ஒருவழிப்பாதை, வலதுபுறம் திரும்பக்கூடாது என்ற சிக்னல், டோல்கேட் எல்லாம் இதோடு சேர்ந்து வரும். திரும்புவதற்கும் தனியாக நொடிகள் உண்டு. நம் ஊரில் வலதுபக்கம் திரும்ப எதிரே வரும் வண்டிகளுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் அதற்குக் கூடுதல் நொடிகள். வழி கண்டுபிடிப்பது என்றால், இந்த வலையில் கிளம்பும் புள்ளியிலிருந்து சேரும் புள்ளி வரை, மொத்த நொடிகள் மிகக் குறைவாக வரும் துண்டுகளின் வரிசையைக் கண்டுபிடிப்பது.

இதற்கான அடிப்படை முறையைத் தந்தவர் டச்சுக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் தனக்கு நிச்சயமான பெண்ணோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, தாளும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்தது என்று அவரே பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். புதிதாகக் கட்டிய அர்மாக் என்ற கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட ஓர் எளிய கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்களைக் கொண்ட ஒரு சிறிய வரைபடத்தில் அதை ஓட்டிக் காட்டினார்கள். கட்டுரையாக வந்தது 1959-இல். முறை இதுதான்: கிளம்பும் இடத்தில் ஊற்றிய தண்ணீர் எல்லா ரோட்டிலும் ஒரே நேரத்தில் பரவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தச் சந்திப்பை முதலில் நனைக்கிறதோ, அந்தச் சந்திப்புக்கு அதைவிடக் குறைந்த நேரத்தில் வர வேறு வழி இருக்க முடியாது. அப்படியே ஒவ்வொரு சந்திப்பாக உறுதிசெய்துகொண்டு போனால், சேரும் இடம் நனையும்போது விடையும் கையில் இருக்கும். நேரம் எதுவும் எதிர்மறை எண்ணாக இருக்காது என்ற ஒரே நிபந்தனைக்கு உட்பட்டு, இது தரும் விடை சரியானது என்று கணிதத்தில் நிரூபிக்கலாம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சிக்கல் என்னவென்றால், ஊட்டிக்குப் போக விரும்புகிறவருக்காக இது பெங்களூர்ப் பக்கமும் அதே அக்கறையோடு பரவும். 1968-இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் என்ற மூவர், ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழிகாட்ட முயன்றபோது, சேருமிடத்துக்கு நேர்கோட்டில் இன்னும் எவ்வளவு தூரம் என்ற மதிப்பீட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். தேடல் அந்தத் திசையை நோக்கிச் சாய்ந்தது. அந்த முறைக்கு ஏ-ஸ்டார் என்று பெயர். இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் கண்டம் முழுக்க ரோடு உள்ள வலையில், கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது அதுவும் போதாது. இன்றைய வேகத்துக்குக் காரணம் முன்கூட்டியே செய்துவைக்கும் வேலை. 2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு குழு வெளியிட்ட முறையில், முக்கியமில்லாத சந்திப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, அவற்றின் வழியாகப் போகும் குறைந்த நேரப் பாதையை ஒரே குறுக்குக் கோடாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்கும்போது தேடல் சந்துகளில் அலைவதில்லை, அந்தக் குறுக்குக் கோடுகளிலேயே தாவித் தாவிப் போகிறது. மேற்கு ஐரோப்பாவின் சுமார் 1.8 கோடி சந்திப்புகள் கொண்ட வலையில், சாதாரண டைக்ஸ்ட்ரா சில நொடிகள் எடுக்கும் கேள்விக்கு, இது ஒரு மில்லி நொடியைவிடக் குறைந்த நேரத்தில் அதே விடையைத் தருகிறது. அதே விடை என்பது முக்கியம். இது தோராயம் அல்ல.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மேப் தப்பு செய்தால் உடனே 'அல்காரிதம் சரியில்லை' என்கிறோம். என் அனுபவத்தில் வழி தேடும் பகுதி தப்பு செய்வது மிக அபூர்வம். கொடுத்த எண்களுக்கு மிகச் சரியான விடையைத்தான் அது தருகிறது. எண்கள்தான் தப்பு. ரோட்டுத் துண்டின் மேல் எழுதியிருக்கும் அந்த நொடிகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி.

வண்டிகள் நிறையப் போகும் ரோட்டில் அது எளிது. மேப் ஓடும் போன்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் இந்த நிமிடத்து நெரிசல் தெரிகிறது. வாரக்கணக்கில் சேர்த்து வைத்தால், வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இந்தத் துண்டில் வழக்கமாக என்ன வேகம் என்பதும் தெரிகிறது. நீங்கள் ஒரு மணி நேரம் கழித்து வந்து சேரும் இடத்தில் இப்போது நெரிசல் இருக்கிறதா என்பதில் பயன் குறைவு, அப்போது இருக்குமா என்பதுதான் வேண்டும். அதனால் வழக்கமான வேகத்தையும் இப்போதைய வேகத்தையும் கலந்து கணிக்கிறார்கள். 2020-இல் கூகுளும் அதன் சகோதர நிறுவனமான டீப்மைண்டும் சேர்ந்து, அடுத்தடுத்த சாலைத் துண்டுகளைக் கூட்டமாகச் சேர்த்து, பழைய தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்கில் இந்தக் கணிப்பைச் செய்வதாக அறிவித்தார்கள். நெடுஞ்சாலையில் வந்து சேரும் நேரம் இப்போதெல்லாம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாக இருப்பதற்கு இதெல்லாம்தான் காரணம்.

ஆனாலும் அது காண்பது வண்டியை அல்ல, போனை. 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டுக் காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது. நமக்கு இதில் வேறொரு தலைவலி இருக்கிறது, இருசக்கர வண்டி. ஒரு சந்தில் பைக்குகள் சர்ரென்று போய்க்கொண்டிருந்தால் அந்த ரோட்டின் வேகம் நன்றாகத் தெரியும், ஆனால் அங்கே கார் நுழையவே முடியாமல் இருக்கலாம். 2017 டிசம்பரில் கூகுள் இந்தியாவில் இருசக்கர வண்டிக்கென்று தனி வழி காட்டத் தொடங்கியது. அனுப்பும் போன் பைக்கில் இருக்கிறதா காரில் இருக்கிறதா என்று நகரும் விதத்தை வைத்துப் பிரிக்க முடியும் என்பது உண்மை. ஒவ்வொரு சந்திலும் அது எவ்வளவு சரியாக நடக்கிறது என்பதை வெளியே இருந்து யாரும் அளந்து சொல்ல முடியாது. கார் சந்துக்குள் மாட்டிக்கொள்ளும் புகார்களில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது என்பது என் ஊகம். 2024 ஜூலையில் குறுகலான ரோடுகளைத் தவிர்க்கும் வசதியைச் சென்னை, கோவை உட்பட எட்டு இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு வசதி தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்கிறது.

இப்போது வண்டி அதிகம் போகாத ரோட்டுக்கு வாருங்கள். போன்கள் அனுப்பிய வேகம் இல்லை என்றால் ஓர் ஊக வேகம் போட வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச மேப்பின் தரவில் ஓடும் ஓஎஸ்ஆர்எம் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பார்த்தால், காருக்கான வேகங்கள் ரோட்டின் வகையை வைத்து எழுதப்பட்டிருக்கும்: முதன்மைச் சாலைக்கு மணிக்கு 65 கிலோமீட்டர், அடுத்த நிலைக்கு 55, அதற்கடுத்தது 40, குடியிருப்புத் தெருவுக்கு 25. நாட்டுக்குத் தகுந்தபடி இதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். இயல்பான அமைப்பில் ஏற்றமோ கொண்டை ஊசி வளைவோ இந்த எண்ணைக் குறைப்பதில்லை. தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் சுற்றிப் போவதைவிட ஏறக்குறைய 30 கிலோமீட்டர் குறைவு. ரோட்டின் வகையை மட்டும் பார்க்கும் கணக்கில் அதுதான் எப்போதும் ஜெயிக்கும். அங்கே இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும் மூச்சுத் திணற ஏறுகிறவருக்குத்தான் அந்த ஊக வேகத்தின் அர்த்தம் தெரியும். பெரிய செயலிகளில் கல்லட்டி போன்ற பிரபலமான ரோட்டுக்கு உண்மையான வேகம் சேர்ந்திருக்கும். ஆனால் நீங்கள் இறங்கிய வயல் நடுவிலான ரோட்டுக்கு?

இங்கேதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான குறை இருக்கிறது. நெரிசலே இல்லாத ரோடும், தகவலே இல்லாத ரோடும் இந்தக் கணக்கில் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரிய ரோட்டில் லாரி மறித்து நின்றால் அதன் நொடிகள் உடனே கூடிவிடும், ஏனென்றால் அங்கே நூறு போன்கள் இருக்கின்றன. பக்கத்துக் கிராமத்து ரோட்டில் பாதி தூரம் தார் பெயர்ந்து கிடந்தாலும், குறுக்கே நெல் காயப்போட்டிருந்தாலும் அதன் நொடிகள் அப்படியே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது கிராமத்து ரோடு மலிவாகத் தெரியும். அதாவது தனக்கு எது தெரியாதோ அந்தப் பக்கமே உங்களைத் தள்ளிவிடும் ஒரு சாய்வு இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. பொறியாளர்களுக்கு இது தெரியும். சிறு ரோடுகளுக்கு வேண்டுமென்றே அபராத நொடிகள் கூட்டுவோம். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு எந்தத் தேற்றமும் கிடையாது. கூடினால், உள்ளூர்க்காரர் தினமும் போகும் நல்ல குறுக்குவழியைக் காட்டாமல் போகும். குறைந்தால், ஒன்றரை நிமிடம் மிச்சம் என்று தோப்புக்குள் அழைத்துப் போகும்.

2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போயிருந்தது, போதிய தடுப்பும் இல்லை. மேப் காட்டிய வழியில் வந்ததாக அப்போது செய்தி வந்தது. உடைந்த பாலத்தில் யாரும் போகமாட்டார்கள், அதனால் அங்கிருந்து எந்தப் போனும் எதையும் அனுப்பாது. ஊர் அடங்கிய கிராமத்து ரோட்டிலிருந்தும் எதுவும் வராது. இரண்டு மௌனங்களையும் பிரித்தறிய நாட்கணக்கில் கவனிக்க வேண்டும், அல்லது யாராவது சொல்ல வேண்டும். பாலத்தின் வாயில் சுவர் எழுப்ப வேண்டியவர்களின் பொறுப்பை நான் இதில் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் நீலகிரி கூடலூரில் சுற்றுலா வந்த ஒரு வண்டி படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டதும் செய்தியானது. அது வேறு ரகம், நடந்து போகும் வழியை வண்டிப் பாதையாக யாரோ வரைந்துவிட்டாலோ, வான்வழிப் படத்திலிருந்து இயந்திரம் அப்படி எடுத்துக்கொண்டாலோ நடக்கக்கூடியது. கூடலூரில் இரண்டில் எது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கேட். பந்திப்பூர் வழியாகப் போகும் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளிலும், அதாவது கூடலூருக்குப் போகும் ரோட்டிலும் வயநாட்டுக்குப் போகும் ரோட்டிலும், 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்காகக் கொண்டுவந்தது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. இந்த விவரத்தை மேப்பில் எழுதவே முடியாது என்று நினைக்க வேண்டாம். ஒரு துண்டுக்கு 'இந்த மணியிலிருந்து இந்த மணி வரை அனுமதி இல்லை' என்று எழுதும் வசதி உண்டு. அதைக் கணக்கில் கொண்டுவருவதுதான் சிரமம். நீங்கள் மைசூரில் 7 மணிக்குக் கிளம்பினால் கேட் திறந்திருக்கும், 8 மணிக்குக் கிளம்பினால் சந்தேகம். அதாவது அந்தத் துண்டு திறந்திருக்கிறதா என்பது நீங்கள் அங்கே எப்போது சேர்வீர்கள் என்பதைப் பொறுத்தது. அதுவோ அதற்கு முன்னால் எந்த வழியில் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே குறுக்குக் கோடுகள் எழுதி வைக்கும் முறை, எண்கள் மாறாது என்ற நம்பிக்கையில்தான் வேகமாக ஓடுகிறது. நேரத்துக்கு நேரம் மாறும் தடைகளைச் சேர்த்தால் அந்த முன்வேலை பல மடங்கு பெருகிவிடும். செய்ய முடியாததல்ல, செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எல்லாச் செயலியிலும் எல்லா கேட்டுக்கும் செய்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கேட் விவரம் சரியாக இருந்தாலும் அன்றைக்கு அது உங்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயநாட்டு ரோடும் அதே நேரத்தில் மூடியிருக்கும். சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாக இறங்கினால் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதை, அங்கும் இரவுக் கட்டுப்பாடுகள் உண்டு. இன்னொரு பக்கம் ஹுன்சூர், கோணிகொப்பல், குட்டா, மானந்தவாடி என்று குடகைச் சுற்றி வயநாட்டுக்கு இறங்கும் மாற்று வழி இருக்கிறது. அதில் போய்க் கூடலூர் ஏறி ஊட்டி சேர்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. உருப்படியான பதில், 'மைசூரிலோ குண்டலுப்பேட்டையிலோ தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்' என்பதுதான். வழி போடும் மென்பொருள் அப்படிப் பேசாது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே எப்படியாவது ஒரு கோடு தருவதற்காகவே அது எழுதப்பட்டது.

அது அடம்பிடித்ததும் இதே காரணத்தால்தான். நீங்கள் ஏன் திரும்பினீர்கள் என்று அதற்குத் தெரியாது. வழி தவறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, நிற்கும் இடத்திலிருந்து கணக்கைப் புதிதாகப் போட்டது. கேட் வழியாகப் போவதே இன்னும் மலிவு, அதனால் யூ-டர்ன் எடுக்கச் சொன்னது. நீங்கள் விலகிப் போகப் போக, திரும்பி வருவதற்கான நொடிகள் கூடிக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் அந்த வயல் ரோடு அதைவிட மலிவாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என்றால் 'கேட் மூடிவிட்டார்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

நீலகிரியில் இப்படி இன்னும் பல இருக்கின்றன. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள். இதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் செய்திக்குறிப்பில் வரும், மறுநாள் பேப்பரில் வரும், ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் கையால் காட்டுவார். கணினி படிக்கும் வடிவத்தில் எங்கேயும் வராது.

வழி சரியாக இருந்தும் போய்ச் சேரும் இடம் தப்பாகிப் போவதும் உண்டு. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரம் ஆப்பிள் மேப்பில் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு தேசியப் பூங்காவுக்குள் காட்டப்பட்டு, நம்பிப் போனவர்கள் தண்ணீர்கூட இல்லாத வறண்ட காட்டில் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாநிலப் போலீசே எச்சரிக்கை விட்டது. சின்ன அளவில் இது தினமும் நடக்கிறது. சேருமிடம் என்று மேப்பில் குறித்த புள்ளிக்கு மிக அருகில் உள்ள ரோட்டுக்கு மென்பொருள் வழி போடும். அந்த ரோடு மில்லின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தால் லோடு வண்டி அங்கே போய்த்தான் நிற்கும். எங்கள் வேலையில் டிரைவர்களிடமிருந்து வரும் போன்களில் வழி பற்றியவை குறைவு, 'கேட் எந்தப் பக்கம் சார்?' என்பவை அதிகம்.

எல்லாரையும் ஒரே குறுக்குவழியில் அனுப்பினால் அது குறுக்குவழியாக இருக்காது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கை ஒட்டிய லியோனியா என்ற சிற்றூரில், பாலத்து நெரிசலைத் தவிர்க்கச் செயலிகள் அனுப்பிய கார்களால் வீட்டை விட்டு வண்டியை வெளியே எடுக்க முடியாமல், 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை அலுவலக நேரத்தில் வெளியாருக்கு மூடிவிட்டார்கள்.

உங்கள் அடுத்த பயணத்துக்கு: கிளம்பும் முன் முழு வழியையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள், அது எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று. காடோ மலையோ நடுவில் வந்தால் அந்த ரோட்டில் இரவுத் தடை உண்டா என்று தனியாகத் தேடுங்கள். மைசூரிலிருந்து வந்தால் குண்டலுப்பேட்டையைத் தாண்டி மேலுகாமனஹள்ளி செக்போஸ்ட்டையும், கூடலூர்ப் பக்கமிருந்து போனால் தொரப்பள்ளியையும் 9 மணிக்கு நன்றாக முன்னாலேயே கடக்கும்படி திட்டமிடுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் போன் டவர் கிடைக்காது. ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், ஆனால் மேப் முன்பே டவுன்லோடு ஆகியிருக்க வேண்டும். பெரிய ரோட்டிலிருந்து திடீரென்று சின்ன ரோட்டில் இறங்கச் சொன்னால், எத்தனை நிமிடம் மிச்சம் என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குக் குறைவென்றால் நான் இறங்குவதில்லை, அந்த அளவுக்கு அதன் ஊக வேகங்கள் துல்லியமானவை அல்ல.

அப்புறம், ஊட்டியிலிருந்து மைசூருக்குத் திரும்பும்போது மேப் கல்லட்டி வழியைக் குறைந்த தூரம் என்று காட்டினால் அதை நம்பி இறங்கக் கிளம்பாதீர்கள். பிரேக் சூடாகி விபத்துகள் நடந்த இறக்கம் அது. வெளியூர் வண்டிகளைத் தலைகுந்தாவிலேயே திருப்பி விடுவது போலீசாரின் வழக்கம். கூடலூரை இடையில் ஒரு நிறுத்தமாகப் போட்டுவிட்டால் மேப் அந்தப் பக்கமே பேசாது.